நரம்பின் பிடிமானம்



பேச்சுக்குள் போகுமுன் ஒரு சிறு வேலை தருகிறேன். இடது முழங்கையை மடியுங்கள். உள்பக்கமாகத் துருத்தி நிற்கும் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். வலது கைச் சுட்டுவிரலை அதில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். மெல்லிய கயிறு போல ஒன்று விரலுக்கடியில் நழுவும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டுவிரல் வரை விறுவிறுவென்று ஓடும். அதுதான் அல்னார் நரம்பு. கதவு நிலையில் முழங்கை இடிபட்டு மின்சாரம் பிடித்தவர்போல் கையை உதறுகிறோமே, அப்போது இடிபடுவது இந்த நரம்புதான்.

மாணவனாக இருந்த காலத்தில் ஹெந்தளைக் குஷ்டரோக வைத்தியசாலையில் ஒரு முதியவரின் முழங்கையில் இதே இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவருடைய நரம்பு என் சுண்டுவிரல் பருமன் இருந்தது. அழுத்தினேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "அந்தக் கயிறு எப்பவோ செத்துப்போச்சு தம்பி" என்றார். அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்து நின்றன. தேநீர்க் குவளையை எப்போதும் துணி சுற்றித்தான் பிடிப்பார். சூடு கையில் தெரியாது என்பதால், கை வெந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்தக் கயிறு ஏன் செத்தது என்ற கேள்விக்கு அன்று என் ஆசிரியர்களிடமிருந்து பாதிப் பதில்தான் கிடைத்தது. மீதிப் பதிலில் ஒரு பகுதி அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்று ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஹெந்தளை தூரமில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிக்குப் போய், களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கிட்டப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். அங்கே 1708 இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோயாளர் இல்லம்தான் இன்றைய வைத்தியசாலையின் தொடக்கம். கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் அதை வைத்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததிலேயே அவர்கள் நோக்கம் தெரிகிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1901 இல், தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவும் அதே நோக்கத்துக்குப் பயன்பட்டது. நம் மொழியில் இந்த நோய்க்குப் பெருவியாதி என்றொரு பெயர் உண்டு. சிங்களத்தில் லாதுரு என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் பெயரைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்று மட்டும் சொல்வதைச் சிறுவயதில் நானே கேட்டிருக்கிறேன்.

நோயைத் தசையின் அழுகலாகவே உலகம் கண்டது. விரல் உதிர்கிறது, மூக்கு சரிகிறது, ஆகவே உடம்பு அழுகுகிறது என்று நினைத்தார்கள். 1873 இல் நோர்வேயின் பேர்கன் நகரில் ஹான்சன் இதற்குக் காரணமான கோலுருக் கிருமியைக் கண்டார். அதற்குப் பிறகும் அழுகல் என்ற எண்ணம் போகவில்லை. அதைப் போக்கியதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் போல் பிராண்ட், ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் நின்றார். தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்வரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி என்ற காவல் போனதால்தான் விரல்கள் காயப்பட்டும் சூடுபட்டும் குறைகின்றன, கிருமி நேரே தசையைத் தின்பதால் அல்ல என்று பிராண்ட் விளக்கினார். அந்த நாளிலிருந்து தொழுநோய், அதைப் புரிந்தவர்கள் மட்டிலாவது, நரம்பு நோயாகிவிட்டது.

அப்படியென்றால் அடுத்த கேள்வி எழும். உடம்பில் எத்தனையோ இழையங்கள் இருக்க, இந்தக் கிருமி ஏன் நரம்பைத் தேடிப் போகிறது? நரம்பின் மேற்பரப்பில் அது எதைப் பிடிக்கிறது?

இதற்கு நரம்பு தன்னைத் தானே எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கலங்கள் பசையால் ஒட்டிய செங்கற்கள் என்று பாடசாலையில் நாம் நினைத்துக்கொள்வதுண்டு. பசைக்கு யார் என்று தெரியாது. கிட்ட வருகிற எதையும் ஒட்டும். நரம்புத் தொகுதியில் அப்படி நடந்தால் கண்ணிலிருந்து போகும் நார் காதுக்குரிய இடத்தில் போய் முடியும். கல ஒட்டுமூலக்கூறு என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் பொருள், ஒட்டுவதற்கு முன் ஆளை அடையாளம் காண்கிறது. என்னைக் கேட்டால் "பற்று மூலக்கூறு" என்ற பெயரே இதற்குப் பொருந்தும். இனி அப்படியே சொல்கிறேன்.

முதலில் பிடிபட்ட நரம்புப் பற்று மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்ட விதமே அழகானது. நியூயோர்க் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் எடல்மன் என்பவர் பிறபொருளெதிரியின் அமைப்பை விடுவித்தார். அதற்காக 1972 இல் றொட்னி போர்ட்டருடன் நோபல் பரிசும் பெற்றார். அதன்பின் நோயெதிர்ப்பை விட்டு நரம்புப் பக்கம் வந்தார். கோழிக் குஞ்சின் முளையத்து நரம்புக் கலங்களைப் பிரித்துக் கரைசலில் விட்டால் அவை மறுபடி ஒன்றுசேரும். அப்படிச் சேர்வதைத் தடுக்கும் பிறபொருளெதிரிகளை எடல்மனின் குழு உண்டாக்கியது. பிறகு, கலத்தின் மேற்பரப்பிலுள்ள எந்தப் புரதத்தைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்குகிறது என்று தேடியது. தடையை நீக்கும் புரதம்தான் கலங்கள் பற்றும் புரதமாக இருக்க முடியும். 1977 இல் அது கையில் கிடைத்தது. அதற்கு என்-கேம் என்று பெயரிட்டார்கள்.

அதன் அமினோ அமில வரிசை 1987 இல் முழுதாக வெளிவந்தபோது எடல்மனுக்கு ஒரு பழைய முகம் தெரிந்திருக்கும். என்-கேமின் வெளிப்பகுதியில் ஐந்து துண்டுகள் பிறபொருளெதிரியின் துண்டுகளைப் போலவே மடிந்திருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் ஆராய்ந்த அதே மடிப்பு, இப்போது மூளையில்.

அந்த மடிப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த விடயத்தின் உயிரே அதில் இருக்கிறது. சுமார் நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரத இழையை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்னும் பின்னுமாக மடிந்து, பக்கம் பக்கமாக அடுக்கிய ஓலைகளைப் போல ஒரு தட்டியாகிறது. அதே இழை தொடர்ந்து மடிந்து இன்னொரு தட்டியையும் ஆக்குகிறது. இரு தட்டிகளும் முகத்துக்கு முகம் நெருங்கி நிற்கின்றன. தண்ணீரை விரும்பாத அமினோ அமிலங்கள் நடுவில் ஒளிந்துகொள்ள, தண்ணீரை விரும்புபவை வெளியே பார்க்கின்றன. இரு தட்டிகளையும் சேர்த்து ஒரே ஒரு தையல். அது இரண்டு கந்தக அணுக்களுக்கிடையிலான பிணைப்பு. கிடுகால் வேலி அடைத்த நம் பாட்டன்மாருக்கு இந்த அமைப்பை விளக்க அதிக நேரம் ஆகாது. உறுதியும் இலேசும் சேர்ந்தது. ஓரங்களில் உள்ள வளைவுகளை மட்டும் மாற்றினால் வேறு வேறு ஆளை அடையாளம் காணலாம், நடுத் தட்டி மாறவே வேண்டியதில்லை. இயற்கை அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதற்குக் காரணம் அதுதான் என்று நான் கருதுகிறேன். முதலில் கலங்கள் பற்றிக்கொள்வதற்கு உண்டான மடிப்பையே பின்னர் நோயெதிர்ப்பு எடுத்துக்கொண்டது என்பது எடல்மன் முன்வைத்த கருத்து.

என்-கேமில் இப்படி ஐந்து மணிகள், அவற்றின் கீழே பைப்ரோனெக்டின் என்ற இன்னொரு புரதத்தை ஒத்த இரண்டு மணிகள், பிறகு மென்சவ்வுக்குள் ஊன்றிய வால். ஒரே பரம்பரையலகிலிருந்து வெட்டி ஒட்டும் விதத்தை மாற்றி நீண்ட வாலும் குட்டை வாலும் வாலே இல்லாத வடிவமும் உண்டாகின்றன. எதிர்ப்பக்கக் கலத்தின் என்-கேமும் இதே மாதிரிதான். இரண்டும் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று பற்றும். 2003 இல் வெளிவந்த பளிங்கு அமைப்பில் முதல் மூன்று மணிகளும் உடுப்பின் சிப்பைப்போல் கோத்து நிற்பது தெரிந்தது. ஐந்தாவது மணியில் பல்சியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி தொங்கும். அதில் எதிர்மின்னேற்றம் அதிகம். தண்ணீரையும் இழுத்து வைத்துக் கலங்களைத் தள்ளி நிறுத்தும். முளைய மூளையில் கலங்கள் இடம்பெயர வேண்டிய காலத்தில் இது மிகுதி. வளர்ந்த பிறகு, புதிய இணைப்புகள் உண்டாகும் சில பகுதிகள் தவிர மற்ற இடங்களில் குறைந்துவிடும். பிடியைத் தளர்த்தவும் ஒரு ஏற்பாடு தேவை என்பதை நரம்பு மறக்கவில்லை.

இங்கே ஒரு விடயம் சொல்லாமல் போக முடியாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகொக்கசின் பீ வகை, தன் மேலுறையை இதே பல்சியாலிக் அமிலத்தால் செய்துகொள்கிறது. நம் நரம்பு உடுத்தும் உடையையே உடுத்தி வருவதால் உடம்பின் காவலாளிகள் அதைக் கண்டுகொள்ளத் தயங்குகிறார்கள். அந்த உறையைக் கொண்டு தடுப்பூசி செய்வது கடினமாக இருந்ததற்கு இதுவே காரணம். இந்த உதாரணத்தை நினைவில் வைத்திருங்கள். ஹெந்தளைக்குத் திரும்பும்போது உதவும்.

மற்றப் பற்று மூலக்கூறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எல்-1 என்பதற்கு ஆறு பிறபொருளெதிரி மணிகளும் ஐந்து பைப்ரோனெக்டின் மணிகளும் உண்டு. அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், பழுது நேரும்போது பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். மூளையில் நீர் தேங்கும், பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். ஜப்பானில் தக்கேச்சி கண்டறிந்த கதெரின்கள் வேறு குடும்பம். அவற்றின் ஐந்து மணிகளுக்கும் நடுவே கல்சியம் அயன்கள் செருகியிருந்தால்தான் முழுச் சங்கிலியும் விறைப்பாக நிற்கும். கல்சியத்தை எடுத்தால் சோர்ந்து தளர்ந்துவிடும். நரம்பிணைப்பில் நியூரெக்சினும் நியூரோலிஜினும் கைகோக்கின்றன. நியூரெக்சின் முதலில் பிடிபட்டது கறுப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சு ஒட்டும் இடமாக. அதன் மணிகளின் மடிப்புக்கு லமினின் என்ற புரதத்தோடு உறவு உண்டு. அந்த லமினினிடம்தான் இப்போது வரப்போகிறோம்.

மூளையை விட்டுக் கைக்கு வருவோம். முழங்கையில் நீங்கள் தொட்ட நரம்புக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் இருக்கின்றன. பெரிய நார் ஒவ்வொன்றையும் சுவான் கலங்கள் சுற்றிக் கவசமிட்டிருக்கும். வாழைத் தண்டை மடல்கள் சுற்றுவதுபோலச் சுவான் கலத்தின் மென்சவ்வு பல சுற்றுச் சுற்றி மயலின் உறையாகிறது. மடலை மடலோடு ஒட்டி வைப்பது பீ-சைபர் என்ற புரதம். அதற்கு இருப்பது ஒரே ஒரு பிறபொருளெதிரி மணி. வெளி நரம்பு மயலினின் புரதத்தில் பாதிக்கும் மேல் இது ஒன்றுதான். 1996 இல் வெளிவந்த இதன் பளிங்கு அமைப்பில் நான்கு நான்காகக் கூடி நிற்பது தெரிந்தது. இந்த மணியில் சிறு பிழை நேர்ந்தால் மடல்கள் விலகும். பரம்பரையாகக் கால் தசை மெலியும் சார்க்கோ-மரீ-டூத் நோயில் ஒரு வகை இதனால் வருகிறது. ஒரே மணிக்கு இவ்வளவு பொறுப்பு. சிறு நார்களைச் சுவான் கலங்கள் இப்படிச் சுற்றுவதில்லை. பலவற்றைச் சேர்த்து ஒரே மடியில் போட்டு அணைத்து வைத்திருக்கும். வலியையும் சூட்டையும் கடத்துபவை பெரும்பாலும் அந்தச் சிறு நார்கள்.

சுவான் கலத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பாய் இருக்கிறது, அடிமென்தகடு. அதில் முக்கியமான இழை லமினின். மூன்று புரத இழைகள் சேர்ந்து சிலுவை வடிவில் நிற்கும். ஹெந்தளை, வத்தளைப் பக்கத்தில் சந்திக்குச் சந்தி சிலுவை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் மனதில் நிற்க அதிக நேரமாகாது. மூன்று குட்டைக் கைகளாலும் லமினின்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகின்றன. நீண்ட கால் சுவான் கலத்தை நோக்கி நீள்கிறது. காலின் நுனியில் ஐந்து உருண்டைகள் உண்டு. சுருக்கமாக ஜீ பகுதி என்பார்கள். நரம்பிலும் தசையிலும் இருக்கும் லமினின்-2 இல் இந்த உருண்டைகளை ஆக்குவது அல்பா-2 சங்கிலி.

இந்த ஜீ பகுதியைக் கலத்தின் பக்கத்திலிருந்து பற்றுவது டிஸ்ட்ரோகிளைகன் என்ற புரதம். அதன் அல்பாப் பகுதி மென்சவ்வுக்கு வெளியே, பீட்டாப் பகுதி சவ்வை ஊடுருவி உள்ளே நின்று கலத்தின் சட்டகத்தோடு இணைகிறது. ஒரே பரம்பரையலகிலிருந்து ஒரே புரதமாகப் பிறந்து பிறகு இரண்டாக வெட்டப்படுபவை இவை. அல்பாப் பகுதியின் உடம்பில் அடர்ந்த சர்க்கரைச் சரங்கள். அவற்றில் ஒரு சரம் சைலோசும் குளுக்குரோனிக் அமிலமும் மாறிமாறி வரும் மணிமாலை. லமினினின் நான்காவது உருண்டையில் ஒரு கல்சியம் அயன் இருக்கிறது. மாலையின் ஒரு சோடி மணி அந்தக் கல்சியத்தில் வந்து கொளுவிக்கொள்கிறது. 2016 இல் இதன் அமைப்பு விளக்கமாகத் தெரிந்தபோது பலருக்கும் வியப்பு. ஒரு கலத்தை அதன் பாயோடு பிடித்துவைக்கும் பிடி, இரண்டு சர்க்கரைகளும் ஓர் அயனும். ஆனால் மாலை நீளமானது. அதே பிடி அடுக்கடுக்காக நிகழும்போது வலுவாகிறது. இந்தச் சர்க்கரை சரியாக ஏறாத குழந்தைகளுக்கும், அல்பா-2 சங்கிலி இல்லாத குழந்தைகளுக்கும் பிறவியிலேயே தசைநலிவு வருகிறது. பின்னவர்களில் நரம்பு மயலினும் குறைகிறது.

1997 இல் இதே இடத்தைத் தொழுநோய்க் கிருமியின் பக்கத்திலிருந்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. எடல்மன் பிறபொருளெதிரியை ஆராய்ந்த அதே றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில், அனுர றம்புக்கன என்பவர் முதலாசிரியர். றம்புக்கனை என்ற பெயரைக் கேட்டால் மலைநாட்டுக்கு ஏறும் புகையிரதம் நினைவுக்கு வராதவர் இந்த அவையில் இல்லை. கிருமி லமினின்-2 இன் அல்பா-2 ஜீ பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதன் வழியே சுவான் கலத்தை அடைகிறது என்று அக்கட்டுரை காட்டியது. அடுத்த ஆண்டு, 1998 இல், மறுபக்கத்துப் பிடி அல்பா டிஸ்ட்ரோகிளைகன் என்று அவரும் கூட்டாளிகளும் நிறுவினார்கள். (அதே ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவின் லாசா காய்ச்சல் வைரசும் இதே டிஸ்ட்ரோகிளைகனைப் பிடித்தே உள்ளே நுழைகிறது என்று வேறொரு குழு காட்டியது.) 2000 இல் கிருமியின் கையும் தெரிந்தது. தொழுநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய கொழுப்பு ஒன்று அதன் மேலுறையில் இருக்கிறது, பீ.ஜீ.எல்-1. அதன் நுனியில் மூன்று சர்க்கரைகள். அந்த மூன்று சர்க்கரைகளே லமினினின் ஜீ உருண்டைகளில் பொருந்துகின்றன.

இதை நான் முதலில் வாசித்தபோது ஹெந்தளை முதியவரின் முழங்கை என் விரலுக்கடியில் திரும்பவும் உருண்டது. கிருமி நரம்பின் சுவரை உடைத்து உள்ளே போகவில்லை. நரம்பு தன் பாயைத் தானே பற்றிவைத்திருக்கும் அதே கைப்பிடியைத்தான் அது பற்றியிருக்கிறது. மெனிஞ்சோகொக்கசு நம் உடையை உடுத்துகிறது. இந்தக் கிருமி நம் கைகுலுக்கலைக் கற்றிருக்கிறது.

2002 இல் வந்த அடுத்த முடிவு என்னை இன்னும் கலங்க வைத்தது. நிணநீர்க் கலங்கள் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளிலும், ஆய்வுகூடத்தில் வளர்த்த நரம்பு, சுவான் கலங்களிலும் கிருமி ஒட்டியதுமே மயலின் சிதைந்தது. உயிரற்ற கிருமியும், ஏன், பீ.ஜீ.எல்-1 கொழுப்பு மட்டும் தனியாகவும் அதைச் செய்தன. நோயெதிர்ப்புப் படையெடுப்பு தேவைப்படவில்லை, தொடுகையே போதும் என்பது அந்த ஆய்வின் முடிவு.

அந்த முடிவோடு விவாதம் முடியவில்லை. 2017 இல் லலிதா ராமகிருஷ்ணனின் குழு, உடல் கண்ணாடிபோல் தெளிந்த வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் கிருமியைச் செலுத்தி நேரே நுண்ணோக்கியில் பார்த்தது. சிதம்பரத்தில் பிறந்து 2009 இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர். கிருமியை விழுங்கிய பெருவிழுங்கிக் கலங்கள் அதே பீ.ஜீ.எல்-1 ஆல் தூண்டப்பட்டு நைதரிக் ஒட்சைட்டை வெளியிடுகின்றன, அந்த வாயு நரம்பு நாரின் இழைமணிகளைக் கெடுத்து மயலினைக் கழற்றுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஆகக் குற்றவாளி கிருமியின் பிடியா, நம் காவலாளியின் வாயுவா?

என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டும் உண்மை, காலம் வேறு என்று கருதுகிறேன். மீன் குஞ்சில் பார்த்தது நாட்கணக்கான நிகழ்வு. மனிதரில் இந்த நோய் ஆண்டுக்கணக்கானது. தொற்றியதிலிருந்து அடையாளம் தெரிய சராசரி ஐந்து ஆண்டு ஆகும், இருபது ஆண்டுகூட ஆகலாம். கிருமி ஒருமுறை இரட்டிக்கவே இரண்டு வாரம் அளவில் எடுக்கும். அவ்வளவு காலம் நரம்பில் தங்கியிருக்க ஒரு பிடி வேண்டும், அந்தப் பிடிக்கு லமினினும் டிஸ்ட்ரோகிளைகனும் பொருத்தமாக இருக்கின்றன. ஆனால் பிடி மட்டுமே போதும் என்றால் லமினின்-2 நிறைந்த பெருந்தசைகளையும் கிருமி அதே அளவில் பிடித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இந்தக் கிருமிக்குச் சூடு ஆகாது. உடல் வெப்பத்தைவிடக் குறைந்த, முப்பது பாகை செல்சியசு அளவில்தான் நன்றாக வளரும். முழங்கை, முழங்காலின் பக்கவாட்டு, கணுக்கால், காதின் கீழ் என்று தோலுக்குக் கிட்ட, குளிர்ச்சியான இடத்தில் ஓடும் நரம்புகளே தடிக்கின்றன. முகவரி ஒன்று, காலநிலை இன்னொன்று. இரண்டும் சேரும் வீட்டில்தான் இந்தக் கிருமி குடியேறுகிறது.

குடியேறுவது என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2001 இல் இதன் முழு மரபுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு, ஆர்மடில்லோ என்ற ஓட்டு விலங்கில் வளர்க்கப்பட்டது. அதன் பெயரிலேயே தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகளான டீ-என் நிற்கிறது. ஏறக்குறைய 1,600 பரம்பரையலகுகள் வேலை செய்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செத்துப்போன எழுத்துகள். தன் சமையலறையைக் கலைத்துவிட்டு வாடகைக்கு வந்த ஒருவரைப் போல, நம் கலத்தை நம்பித்தான் அது வாழ முடியும். எந்தத் தட்டிலும் எந்தக் குழம்பிலும் இன்றுவரை அதை வளர்க்க முடியவில்லை. தனக்கென்று இவ்வளவு இழந்த பிறகும் பீ.ஜீ.எல்-1 ஐச் செய்யும் வழியை மட்டும் விடாமல் வைத்திருப்பது, அந்தப் பிடி அதற்கு எவ்வளவு தேவை என்று சொல்கிறது.

இனி மருந்து. மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்தது. இலங்கையில் 1983 இல் தொடங்கியது. றிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், கட்டணமில்லை. 1995 இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற எல்லையை நாடு எட்டியது. அந்த வெற்றி பெரியது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 1,500 முதல் 2,000 வரை புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கு, இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் மேல் மாகாணத்தில். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

மாத்திரை கிருமியைக் கொல்லும். கழன்ற மயலினையும் அறுந்த நாரையும் அது கட்டித்தராது. இறந்த கிருமியின் பீ.ஜீ.எல்-1 கூட நரம்பில் கிடக்கும் என்பதை 2002 இன் ஆய்வை வைத்துப் பார்த்தால், சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு நரம்பு கெடுவது ஏன் என்று புரிகிறது. நரம்பின் வேலை குறையத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசொலோன் கொடுத்தால் மீட்கும் வாய்ப்பு அதிகம். நாட்பட்டால் வாய்ப்புக் குறையும். பிடியையே தடுக்கும் மருந்து, அதாவது லமினினின் உருண்டைக்கும் கிருமியின் மூன்று சர்க்கரைக்கும் நடுவே போய் நிற்கும் ஒரு மருந்து இன்னும் இல்லை. அப்படி ஒன்றை இளம் ஆய்வாளர் தேடினால் நான் மகிழ்வேன். ஆனால் அதே லமினினை நம் டிஸ்ட்ரோகிளைகனும் பற்றி நிற்கிறது என்பதால் கிருமியை விலக்கும்போது நரம்பையும் அவிழ்த்துவிடும் ஆபத்து இருக்கிறது. இங்கேதான் அமைப்பை அணு அணுவாக அறிவது வெறும் ஆவல் இல்லாமல் போகிறது. இரண்டு பிடிகளும் ஒரே உருண்டையில் எந்த மூலையில் விழுகின்றன, எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரிந்தால்தான் மருந்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யலாம்.

அதுவரை நம்மிடம் இருப்பது விரலும் நைலான் நூலும். அவையில் தாதியர் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். உணர்வில்லாத வெளிறிய தழும்போடு ஒருவர் வந்தால் தழும்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். இரு முழங்கைகளையும் மடித்து அல்னார் நரம்பை உருட்டிப் பாருங்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பைச் சுற்றி வரும் நரம்பையும், கணுக்காலின் உள்பக்கத்தையும், கழுத்தில் காதுக்குக் கீழேயும் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு நூல் சோதனை. கைக்கு இரண்டு கிராம் அழுத்தும் நூல், காலுக்குப் பத்து கிராம் நூல். நூல் வளையும்வரை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியபடி தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு கைக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பு வடக்கில் ஒரு சிறுமியை இப்படிப் பரிசோதித்தேன். முதல்முறை அவள் சுண்டுவிரலில் நூல் வளைந்தும் அவளுக்குத் தெரியவில்லை. மருந்து தொடங்கி எட்டு மாதம் கழித்து மீண்டும் அதே விரலில் அதே நூலை வைத்தேன். நூல் வளைந்தது. கண்ணைத் திறக்காமலே மற்றக் கையைக் கொண்டுவந்து அந்த இடத்தைத் தொட்டு, "இங்க, டொக்டர் மாமா" என்றாள்.